சந்தனம் அடைத்த சர்வர்

ஸ்க்ரீனை அணைத்தால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும் என்று நம்புகிற ஒருவர் எனக்கு மேலதிகாரியாக இருந்தார். இப்போதும் இருக்கிறார். அவர் அறைக் கதவில் 'ப்ராஜெக்ட் ஹெட்' என்று பித்தளையில் பலகை தொங்கும். அதற்கான தகுதி, முதலாளியின் மனைவிக்கு அவர் தம்பி.

காக்களூர் தொழிற்பேட்டையில் தகடு அடிக்கிற பட்டறை ஒன்றின் மாடியில்தான் எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி. கீழே ஆறு பிரஸ் மெஷின்கள். ஒவ்வோர் அடிக்கும் மாடியில் டீ கிளாஸ் ஓர் இம்மி நகரும். நெல் விளைந்த நிலத்தில் பாதியை மனைகளாக விற்றுப் பட்டறை வாங்கியவர் முதலாளி. பட்டறை நன்றாக ஓடியதும், அடுத்தது ஐடிதான் என்று யாரோ காதில் ஓத, மாடியில் நான்கு மேசை போட்டார். மூன்று மேசைகளில் பட்டறையின் பழைய பில் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. நான்காவதில் நான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். கம்ப்யூட்டர் சயின்ஸில் பி.எஸ்சி. முடித்துவிட்டு இங்கே பத்து மாதமாக ட்ரெயினி. ட்ரெயினி என்றால் ஆளும் இல்லை, ஆள் இல்லாமலும் இல்லை. செவ்வாப்பேட்டையில் மூன்று பேரோடு ஓர் அறையில் இருந்துகொண்டு தினமும் ரயிலில் திருவள்ளூர் போய்வருவேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எளாவூரில் வீட்டுக்கு.

அப்பா கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் ஆலையில் வேலை. உலையிலிருந்து சிவக்கச் சிவக்கப் பாம்பு மாதிரி வருகிற கம்பியைக் குறடால் பிடித்து அடுத்த உருளைக்குள் திருப்பிவிடுகிற வேலை. பல வருஷம் நெருப்பைப் பார்த்த கண். இடது கண்ணில் எந்நேரமும் நீர் வடியும். கம்பி அந்தப் பக்கத்திலிருந்து வந்தால் ஒரு நொடி தாமதமாகத்தான் தெரிகிறது என்று அவரே ஒருமுறை உளறிவிட்டார். அன்றிலிருந்து அம்மா வேலையை விடச் சொல்லி நச்சரிக்க, அவர் என்னைக் காட்டினார்.

"இவனுக்கு கம்பெனில வேல பெர்மனன்ட்டுன்னு ஆர்டரு வரட்டும். பேப்பர்ல வரணும். வாய்ல சொன்னத நம்பி நான் கொறட்ட கீழ வைக்க மாட்டேன். இன்னா நைனா?"

ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "ஆர்டரு வந்திச்சா நைனா?" என்பதுதான். சாப்பிட்டாயா என்பது அதற்குப் பிறகுதான்.

இந்த நிலையில்தான் மாடிக் கம்பெனிக்கு முதல் வேலை வந்தது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று, ஒரு க்ரிப்டோ காயினுக்கான நோடைத் தங்களுக்காக ஓட்டித் தர ஆள் தேடியது. நோடு என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. அந்தக் காயினில் நடந்த பரிமாற்றங்கள் அத்தனைக்கும் ஒரு முழுப் பிரதி வைத்துக்கொண்டு, புதிதாக வருவது விதிப்படி இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு மெஷின். இதை ப்ராஜெக்ட் ஹெட்டுக்கு மூன்று நாள் விளக்கினேன்.

"அப்போ ராவும் பகலும் ஓடும். ஆனா காயினு மட்டும் வராது?"

"வராது சார். ஓட்டறதுக்குத்தான் அவங்க மாசாமாசம் தருவாங்க."

"சரி சரி. எதுக்கும் ஒரு ரெண்டு காயினாவது உழுதான்னு பாத்துக்கோ."

நோடு மென்பொருளை ரெடிமேடாக இறக்கிப் போடக் கூடாது, மூல நிரலை எடுத்து எங்கள் மெஷினிலேயே கம்பைல் செய்ய வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. கம்பைல் என்பது மனிதர் எழுதிய நிரலை அந்த மெஷினுக்குப் புரிகிற வடிவத்துக்கு மாற்றுவது. காசு சம்பந்தப்பட்ட விஷயத்தில் அடுத்தவன் பொட்டலம் கட்டிக் கொடுத்ததை நம்பக் கூடாது என்பது அதன் நியாயம். எனக்கு அந்த நியாயம் ரொம்பப் பிடித்தது. ப்ராஜெக்ட் ஹெட்டுக்கு அது வெள்ளைக்காரனின் கொழுப்பாகத் தெரிந்தது.

"நெட்ல ரெடியா கீதாமே? எறக்கிப் போட்டுட்டு, கம்பைல் பண்ணோம்னு சொல்டு. அவன் இன்னா இங்க வந்து எட்டிப் பாக்கப் போறானா?"

"அப்படிப் பொய் சொல்ல மாட்டேன் சார்."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அவர்மேல் மனதுக்குள் காறித் துப்பினேன். பொய் சொல்லிப் பிழைக்கிற கூட்டம் என்று நினைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி என் மேசைக்குத் திரும்பியது இன்னும் நினைவிருக்கிறது.

முதலாளி அளவில் விஷயம் எளிது. "அந்தாளு ஓகேன்னு மெயில் போட்டான்னா, மறுநிமிசம் உனக்கு ஆர்டர் அடிச்சி குட்த்துடறேன் தம்பி" என்றார். கெடு ஆயுதபூஜைக்கு மறுநாள் நண்பகல். அன்று விஜயதசமி. சர்வர் வந்து இறங்கியதோ ஆயுதபூஜைக்கு முந்தின சாயங்காலம். மூடிப்போன ஏதோ ஆபீஸிலிருந்து வாங்கிய பழைய மெஷின். வேலை செய்ய எட்டு கோர், அந்த வேலையை விரித்து வைக்க நான்கு ஜிபி மெமரி. விற்றவன் சொல்லிக்கொடுத்ததை ப்ராஜெக்ட் ஹெட் பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒப்பித்தார்: "எட்டு கோரு! எட்டு!" மெமரியைப் பற்றி விற்றவன் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

ஆயுதபூஜை அன்று தொழிற்பேட்டைக்கு ஒரு சட்டம் உண்டு. மெஷின்களைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூஜை போட்டதும் நிறுத்திவிட வேண்டும். மறுநாள் காலை நல்ல நேரம் பார்த்துத்தான் தொடலாம். பூஜை பதினொரு மணிக்கு. அதற்குள் முடித்துவிடலாம் என்று ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்தேன். நோடுக்கு முன்னால் அது கேட்கிற சில்லறை மென்பொருள்களை ஒவ்வொன்றாகக் கம்பைல் செய்ய வேண்டியிருந்தது. அதுவே பத்தரையைத் தின்றுவிட்டது. மிச்சம் அரை மணி. கம்பைல் செய்யும்போது எத்தனை வேலையை ஒரே நேரத்தில் செய்யலாம் என்று ஓர் எண் கொடுக்க வேண்டும். எட்டு கோர் இருக்கிறதே என்று எட்டு கொடுத்தேன். சதவிகிதம் சரசரவென ஏறியது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு நாற்பதுதான். ப்ராஜெக்ட் ஹெட் பட்டுச்சட்டையில் மேலே வந்தார்.

"இதுவும் மெஷினு தான? ஆஃப் பண்ணு. சாமி கீழ வந்துட்டாரு."

நான் கை நீட்டி ஸ்க்ரீனை அணைத்தேன். திரை கறுத்தது. அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். மேசைக்குக் கீழே சர்வர் எட்டு கோரும் கொதிக்க ஓடிக்கொண்டிருந்தது.

நான் எதிர்பார்க்காதது நிசப்தம். ஆறு பிரஸ்ஸும் நின்றுவிட்டன. பக்கத்துப் பட்டறை, அடுத்த பட்டறை, தெரு முழுக்க நின்றுவிட்டது. வருஷத்தில் ஒரே ஒரு நாள் காக்களூரில் காக்கா கத்துவது கேட்கும், அது அன்றுதான். அந்த அமைதியில் என் சர்வரின் விசிறி பஸ் ஸ்டாண்டில் நிற்கிற வண்டி மாதிரி உறுமியது.

அர்ச்சகர் மேலே வந்தார். திருவள்ளூர்க்காரர், பெரியவர். அன்று காலையில் மட்டும் பேட்டையில் பத்துப் பன்னிரண்டு பட்டறைக்கு அவர்தான். ஸ்கூட்டரில் பட்டறைக்குப் பட்டறை பறந்துகொண்டிருந்தார். மந்திரத்தின் நடுவில் போன் வந்தது. எடுத்து, "இதோ வந்துண்டே இருக்கேன், அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடம் தெரியாமல் வேறெங்கோ பிடித்துக்கொண்டார். பெருமாளே ஆள் வைத்துக் கேட்டிருந்தாலும் எது விட்டுப்போனது என்று கண்டுபிடித்திருக்க முடியாது. எனக்கு அவர்மேலும் அருவருப்புதான் வந்தது.

"என்னமோ சத்தம் வரதே?" என்றார்.

"அது யூபிஎஸ்ஸு சாமி" என்றார் ப்ராஜெக்ட் ஹெட்.

அர்ச்சகர் குனிந்தார். சர்வரின் முன்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள், காற்று உள்ளே போவதற்கு. அதன் நடுவில் குழைத்த சந்தனத்தை ஐந்து விரலாலும் அப்பி, மேலே குங்குமம் வைத்தார். கற்பூரம் காட்டினார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், நானும் போட்டுக்கொண்டேன். பிறகு வாசலில் பூசணிக்காய் உடைக்க எல்லோரும் இறங்கினார்கள். அர்ச்சகர் ஸ்கூட்டரைக் கிளப்பி அடுத்த பட்டறைக்குப் போனார்.

ஸ்க்ரீனைப் போட்டேன். நாற்பத்தேழு சதவிகிதத்தில் நின்றிருந்தது. கம்பைலரை யாரோ கொன்றுவிட்டதாக ஒரே ஒரு வரி. கீழே பார்த்தேன். ஓட்டைகளில் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்த மூடர்களுக்கு நடுவில்தான் என் அப்பாவின் கண் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். சாப்பாட்டு டப்பா கட்டிவந்த துணியை நனைத்து, பொட்டை அழுத்தித் துடைத்தேன். அப்போதுதான் ப்ராஜெக்ட் ஹெட் ஒரு கையில் பொரிகடலைப் பொட்டலமும் இன்னொரு கையில் சுண்டலுமாக மேலே வந்தார்.

"டேய் டேய்! இன்னா பண்ற நீ? சாமி வச்ச பொட்டத் தொடைக்கிற? கற்பூரம் கூட இன்னும் அணையல!"

"காத்து போற ஓட்டைய அடைச்சிட்டாரு சார். மெஷினு சூடாயி கம்பைலு செத்துப் போச்சி."

"மெஷினு ஆஃப்ல தான இருந்திச்சி?"

"நான் ஸ்க்ரீனைத்தான் அணைச்சேன். நீங்களா ஆஃப்னு நெனச்சிக்கினா நான் இன்னா பண்ண முடியும்?"

அவர் சுண்டலை மேசையில் வைத்தார். பிறகு மாடிப்படியில் நின்று, "மாமா! மேல வாங்க மாமா! இவன் பூஜையவே கெட்த்துட்டான்!" என்று கூவினார்.

முதலாளி வருவதற்குள் எனக்குச் சில நிமிஷங்கள் கிடைத்தன. எப்போது எந்த நொடியில் செத்தது என்று காட்டி ப்ராஜெக்ட் ஹெட் மூஞ்சியில் அடிக்கலாம் என்று சிஸ்டத்தின் குறிப்பேட்டைத் திறந்தேன். அங்கே தெளிவாக எழுதியிருந்தது. மெமரி தீர்ந்துபோனது, ஆகவே கம்பைலரைக் கொன்றுவிட்டேன் என்று சிஸ்டமே சொல்லியிருந்தது. வெப்பம் அறுபத்தொரு டிகிரி. சூட்டினால் என்றால் மெஷின் மொத்தமாக அணைந்திருக்கும், இப்படி ஒரு வேலையை மட்டும் பொறுக்கி எடுத்துக் கொல்லாது. ஒவ்வொரு வேலையும் ஒரு ஜிபி வரை கேட்கும். நான் நான்கு ஜிபியில் எட்டு வேலையை ஏவியிருந்தேன். செத்த நேரம் பதினொன்று ஐந்து. அர்ச்சகர் அப்போது மாடிப்படி ஏறவே இல்லை, கீழே மூன்றாவது பிரஸ்ஸுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். கல்லூரியில் இதே கேள்விக்குப் பத்து மார்க் வாங்கியவன் நான்.

முதலாளி வந்தார். என்னைத் திட்டுவார் என்றுதான் ப்ராஜெக்ட் ஹெட் காத்திருந்தார். ஆனால் முதலாளி குனிந்து ஓட்டைகளைத் தடவிப் பார்த்தார். விரலில் சந்தனம் ஒட்டியது.

"போன வருசம் ரெண்டாம் நம்பர் பிரஸ் மோட்டாரு எரிஞ்சிச்சே, எதனால? காத்து போற எடத்துல வேஸ்ட்டு பஞ்சு அடச்சிக்கினு கெடந்திச்சி. மெஷினுக்கும் மூச்சு உண்டுடா" என்றார் மைத்துனரைப் பார்த்து. "யாருனா ஓடு. பக்கத்துப் பட்டறையில சாமி இருப்பாரு. இட்டுக்கினு வா."

இட்டுக்கொண்டு வந்தார்கள். பாதிப் பூஜையில் எழுப்பியிருக்க வேண்டும், கையில் மணி இருந்தது. வேடிக்கை பார்க்க பிரஸ் ஆபரேட்டர்கள் இரண்டு பேரும் பின்னாலேயே ஏறிவந்தார்கள்.

"இன்னா சாமி இது? ஃபேன் ஓட்டைல கொத்தனாரு கணக்கா பூசி வச்சிட்டு போயிட்டீங்க? எத்தினி பெரிய வேல தெரியுமா நின்னு போச்சி?" என்றார் முதலாளி.

"வருஷா வருஷம் வைக்கறதுதானே. எந்த மெஷினும் ஒண்ணும் சொன்னதில்லையே" என்றார் அர்ச்சகர். ஆபரேட்டர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவர் முகம் சுண்டியது. என் பக்கம் திரும்பினார். "நீ படிச்ச புள்ள. நீ சொல்லு. நெஜமாவே சந்தனத்தாலதானாப்பா?"

என் முதுகுக்குப் பின்னால் ஸ்க்ரீனில் அந்த வரி இருந்தது. பெரிய எழுத்தில், எந்த ஒளிவு மறைவும் இல்லாமல். ஐந்து பேர் அதற்கு நேர் எதிரே நின்றார்கள். ப்ராஜெக்ட் ஹெட் கழுத்தை நீட்டி அதை எழுத்துக் கூட்டினார்.

"மெமரின்னு இன்னாமோ போட்டுக்கீதே?"

எளாவூர் வீட்டு வாசலில் உட்கார்ந்து இடது கண்ணைத் துண்டால் ஒற்றுகிற ஒருவரை எனக்குத் தெரியும். அவர் காகிதத்தைத்தான் நம்புவார். நான் எட்டு என்று போட்டது என் தப்பு என்று சொன்னால் காகிதம் வராது. என்னை வெளியே அனுப்ப இந்த மச்சானுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும்.

"சூடானா மொதல்ல மெமரிதான் சார் போவும்" என்றேன். அர்ச்சகரைப் பார்த்து, "ஆமா சாமி. சந்தனந்தான்" என்றேன்.

அவர் மணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனார். முதலாளி படி வரை போய், "அட்த்த வருசம் வேற யாருனா பாத்துக்கறோம் சாமி" என்று கூவினார். தெருவுக்கே கேட்டிருக்கும், பிரஸ்தான் ஓடவில்லையே.

பிறகு நான் எண்ணை இரண்டாக மாற்றி மறுபடி ஓட்டினேன். பூஜைநாள் சட்டத்தை முதலாளியே உடைத்துக் கொடுத்தார். நாலரைக்கு முடிந்தது. சோதனை எல்லாம் தேறியது. மறுநாள் காலை விவரங்களை அனுப்பினேன், பதினோரு மணிக்கு ஓகே வந்தது. முதலாளி சொன்ன சொல் தவறவில்லை. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கவரில் ஆர்டரை வைத்து, பட்டறை ஆட்கள் எல்லோர் முன்னாலும் என் கையில் கொடுத்தார்.

"சந்தனத்துல அடச்சிக்கிச்சின்னு ஒரே பார்வைல கண்டுபுடிச்சான்பா! படிப்புன்னா அது."

எல்லோரும் கைதட்டினார்கள். ஒருவருக்குக் கூட, ஒரே ஒருவருக்குக் கூட, காற்று அடைத்தால் மெமரி எப்படிப் போகும் என்று கேட்கத் தோன்றவில்லை. இவர்களை ஏமாற்ற நான் சிரமப்படக்கூட வேண்டியிருக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த ஞாயிறு அப்பா ஆர்டரை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். கம்பெனி முத்திரையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இன்னா பண்ணி வாங்கின நைனா?"

"மெஷின்ல ஒரு அடைப்பு. கண்டுபுடிச்சேன்."

அவருக்கு அது போதும். அடைப்பு என்றால் அவருக்குத் தெரியும், உருளையில் கம்பி சிக்கினால் ஆலையே நிற்கும். திங்கட்கிழமை போய்க் கணக்கு முடித்துக்கொண்டு வந்துவிட்டார். எளாவூர் செக்போஸ்ட் டீக்கடையில் லாரிக்காரர்களிடம் எல்லாம் என் கதையைச் சொல்வதாக அம்மா சொன்னாள். சந்தனம் எப்படியோ அவர் காதுக்கும் போய்விட்டிருந்தது.

இப்போது என் மேசைக்கு மேல் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது: 'சிஸ்டத்திற்குச் சந்தனம் வைக்கக் கூடாது. உத்தரவுப்படி.' உத்தரவு யாருடையது என்று தெரியவில்லை. பேட்டையில் இன்னும் இரண்டு பட்டறைகளில் அதே அட்டையைப் பார்த்தேன். சென்ற ஆயுதபூஜைக்கு வேறொரு அர்ச்சகர் வந்தார். ஒற்றைச் சாமந்தியை சர்வரின் தலையில் வைத்துவிட்டு, எங்கும் தொடாமல் கையை எடுத்துக்கொண்டார். வந்திருந்த விருந்தாளி ஏன் என்று கேட்க, ப்ராஜெக்ட் ஹெட் விளக்கினார்: "சூடானா மொதல்ல மெமரிதான் சார் போவும். டெக்னிக்கல் மேட்டரு." என் சொல், ஓர் எழுத்து மாறாமல். நான் தலையாட்டினேன். பழைய அர்ச்சகரின் ஸ்கூட்டர் அப்போது எங்கள் கேட்டைத் தாண்டி அடுத்த தெருவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அவருக்கு அந்தப் பக்கம் இன்னும் நான்கைந்து பட்டறை மிச்சம் இருப்பதாகக் கேள்வி.

நோடின் புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். மெமரி கொஞ்சம் கூட்டினால் அரை நாள் வேலை ஒரு மணியில் முடியும். எழுதிக் கேட்டேன். ப்ராஜெக்ட் ஹெட் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், சந்தேகமாகக் கூட இல்லை, உண்மையான குழப்பத்தோடு.

"இப்பத்தான் சந்தனமே வைக்கறதில்லியே. அப்புறம் மெமரி எதுக்குப் போவுது?"

கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அதே நான்கு ஜிபி, இரண்டிரண்டு வேலையாக, பதிப்புக்குப் பதிப்பு காலையிலிருந்து சாயங்காலம் வரை காத்திருக்கிறேன். ஞாயிறன்று எளாவூருக்குப் போனால், வாசலில் இருந்தே கேள்வி வருகிறது.

"மெஷின்ல அடைப்பு எதுனா வந்திச்சா நைனா?"

"இல்லப்பா."

"வராது. நீ கீற இல்ல."